நாய் நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள்: தர்மபுரித் தெருக்களில் ஊர் வரலாறு தேடும் வழி

எங்கள் வீட்டு நாய் செவலை ஒருநாள் காலையில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றதும் நகர மாட்டேன் என்றுவிட்டது. வாரை இழுத்துப் பார்த்தேன், பிஸ்கட் காட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், அதைச் சுற்றி மோந்து மோந்து பார்த்துக்கொண்டே இருந்தது. அந்த வழியாக மூன்று வருடமாக நடக்கிறேன், யாரோ துணி துவைக்கப் போட்ட கல் என்றுதான் நினைத்திருந்தேன். சரி, என்னதான் இருக்கிறது என்று குனிந்து பார்த்தால், மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் அடியில் ஒரு ஆள் நிற்கிறான். இடது கையில் வில், வலது கையில் ஏதோ நீளமாக, கத்தியாக இருக்கலாம். எதிர்த் திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்த ஆயா, "அது வேடியப்பன் கண்ணு, நாயை அந்தாண்ட புடி" என்றார். சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல், அதாவது நடுகல், அதைத்தான் நம்ம பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது இது. அதற்கப்புறம் எனக்குத் தெரிந்த தர்மபுரியே வேறு ஊராகிவிட்டது. நீங்களும் செய்யலாம். நாயும் காலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

நாய் ஏன் என்றால், பைக்கில் போகிறவன் கண்ணுக்குக் கடை போர்டு தெரியும், அவ்வளவுதான். நடந்து போகிறவன்கூட எங்கேயோ போய்ச் சேர வேண்டும் என்றுதான் நடக்கிறான். நாயோடு போகும்போது மட்டும்தான் எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. இருபது அடிக்கு ஒருமுறை நிற்கிறோம், சுவரோரமாகவே போகிறோம், கண் தரையிலேயே இருக்கிறது. நம்ம ஊர்ப் பழைய கற்கள் இருப்பதும் அங்கேதான். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு வந்ததில் தெரு உயர்ந்து கல் தாழ்ந்துவிட்டது. மூன்றடிக் கல்லில் ஒரு அடிதான் வெளியே தெரியும். நின்று பார்த்தால் தெரியாது, நாய் உயரத்துக்குக் குனிந்தால்தான் தெரியும்.

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நாய்க்கும் நல்லது, கல்லுக்கும் நல்லது. காலை ஆறிலிருந்து ஏழரை, இல்லையென்றால் சாயங்காலம் ஐந்துக்கு மேல். சூரியன் தாழ இருக்கும்போது வெளிச்சம் கல்லின் மேல் பக்கவாட்டில் விழும், அப்போதுதான் தேய்ந்துபோன எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். உச்சி வெயிலில் மொட்டையாகத் தெரிகிற கல்லைக் காலை ஆறரைக்குப் போய்ப் பார்த்தால் நான்கு வரி எழுத்து எழுந்து நிற்கும், நானே பார்த்திருக்கிறேன். வெளிச்சம் சரியாக விழாத சந்தாக இருந்தால் இருட்டியபின் போய் போன் டார்ச்சைக் கல்லின் விளிம்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள், நேராக அடிக்காதீர்கள். நாய் விஷயத்தில், நம்ம ஊர் சித்திரை வெயிலில் தார் ரோட்டில் பத்து மணிக்கு மேல் கூட்டிப் போகவே கூடாது. புறங்கையைத் தார் மேல் வைத்து ஐந்தாறு விநாடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. ஒரு பாட்டில் தண்ணீர், கழிவை அள்ள இரண்டு பை, குட்டையான வார். வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருடா வருடம் தவறாமல் போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் புதுத் தெருவுக்குள் நுழைந்தால் அந்தத் தெருவின் நாய்கள் வரும். வந்தால் ஓடாதீர்கள், கல்லும் எடுக்காதீர்கள், வாரைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள். அந்தத் தெருவுக்கு மறுநாள் வேறு முனையிலிருந்து போகலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்ல வேண்டும், இதில் சமரசமே இல்லை. நமக்கு வரலாறாகத் தெரிகிற கல் அந்தத் தெருக்காரர்களுக்குச் சாமி. பூ இருக்கிறதோ இல்லையோ, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதோ இல்லையோ, நட்டு வைத்த கல் என்றால் நாயைப் பத்தடி தள்ளியே நிறுத்துங்கள். காலைத் தூக்குவது நாய்க்கு இயல்பு, அதை நடக்கவிடாமல் பார்ப்பது நம் பொறுப்பு. இரண்டு பேராகப் போனால் வசதி, ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் கிட்டே போய்ப் பார்க்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். கோயில் வளாகம் என்றால் நாய் வெளியேதான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், கோட்டைப் பக்கம் போங்கள் என்பேன். பேர்தான் கோட்டை, மதிலைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள், ஆனால் பேர் சும்மா ஒட்டவில்லை. இந்த ஊர்தான் சங்கப் பாட்டில் வருகிற தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறைக்குத் 'தகடூர் எறிந்த' என்ற அடைமொழியே இந்த ஊரை வென்றதால் கிடைத்தது. கோட்டைப் பகுதியில் இருக்கிற மல்லிகார்ச்சுனேசுவரர் கோயில், காமாட்சியம்மன் கோயில் இரண்டையும் ஒருநாள் நாய் இல்லாமல் தனியாகப் போய்ப் பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் இங்கே ஆண்ட நுளம்பர்களின் கைவண்ணம் தூண்களில் தெரியும். தரையைத் தொடாமல் நிற்கிறது என்று ஊரே சொல்லும் தூணை எல்லாரும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள், நீங்கள் அடித்தளத்தையும் சுற்றிப் பாருங்கள். மறுநாள் நாயோடு அதே கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும்போது, கோயிலில் பார்த்த அதே மாதிரித் துண்டுக் கல் ஏதாவது வீட்டு வாசற்படியிலோ சாக்கடை ஓரத்திலோ கண்ணில் படும். கண் பழகினால்தான் படும், அதனால்தான் முதலில் கோயில்.

கண்ணைப் பழக்க அதைவிட நல்ல இடம் நம்ம அரசு அருங்காட்சியகம். தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் பெருமையே நடுகற்கள்தான். வெள்ளிக்கிழமை தவிர்த்து ஒரு மத்தியானம் போய், ஒவ்வொரு கல் முன்னாலும் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அப்புறம் தெருவில் பார்க்கிற கல்லில் எது கை, எது வில், எது வெறும் உடைசல் என்று தானாகத் தெரியும்.

சரி, கல்லை எப்படிப் படிப்பது? எழுத்து தெரியாவிட்டாலும் பாதிக் கதை உருவத்திலேயே இருக்கிறது. வீரனுக்குக் கீழேயோ பின்னாலேயோ மாடு இருந்தால் ஆநிரைச் சண்டை, மாட்டைக் கவர்ந்தவர்களோடு மோதிச் செத்தவன். எதிரே புலி பாய்ந்து நின்று, இவன் அதன் வாயிலோ வயிற்றிலோ கத்தியைச் செருகிக்கொண்டிருந்தால் புலிக்குத்திக் கல். பன்றியோடு செத்தவனுக்கும் கல் உண்டு. உடம்பில் சாய்வாகக் கோடுகள் இருந்தால் விரிசல் என்று விட்டுவிடாதீர்கள், தைத்த அம்புகளாக இருக்கலாம். காலடியில் சின்னதாகக் கெண்டி மாதிரி, சிமிழ் மாதிரி ஏதாவது தெரிந்தால் கல் ரொம்பப் பழையதாக இருக்க நிறைய வாய்ப்பு. கல் மூன்று அடுக்காகப் பிரிந்திருந்தால் கீழே சண்டை, நடுவில் தேவப்பெண்கள் வீரனைத் தூக்கிப் போவது, மேலே அவன் சிவலோகத்தில் லிங்கத்தின் முன் உட்கார்ந்திருப்பது, கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பெண் இருந்தாலோ, வளையல் போட்ட கை மட்டும் மேலே உயர்ந்து இருந்தாலோ, அது அவனோடு உடன்கட்டை ஏறியவளுக்கும் சேர்த்து வைத்த கல். ஓசூர்ப் பக்கம் மாஸ்தி என்பார்கள், மகாசதி தேய்ந்து மாஸ்தி ஆனது. அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும், அவள் பெயர் பெரும்பாலும் கல்லில் இருக்காது.

எழுத்து இருந்தால், பெரும்பாலும் தலைக்கு மேலேயும் பக்கங்களிலும் இருக்கும். பல்லவர், கங்கர் காலத்துக் கற்களில் வட்டெழுத்து (தமிழை எழுதிய பழைய வளைவான எழுத்து), அதற்கப்புறம் தமிழ், நம்ம ஊர் எல்லை ஊர் என்பதால் கன்னடமும் தெலுங்கும் கூட. வட்டெழுத்தை ஒரே நாளில் படிக்க முடியாது, ஆனால் கடைசியில் வருகிற 'பட்டான் கல்' என்ற சொல்லை அடையாளம் காணப் பழகிக்கொள்ளலாம். பட்டான் என்றால் செத்தான். யாரோ ஒருவருடைய ஆட்சியின் இத்தனாவது ஆண்டில், இன்னாருடைய ஆள் இன்னான், இன்ன சண்டையில் பட்டான், அவனுக்குக் கல். இவ்வளவுதான் வாசகம், ராஜாவுக்கு வைத்த கல் இல்லை இது, மாடு மேய்த்த ஊரில் மாட்டுக்காகச் செத்த ஒருவனுக்கு அந்த ஊரே வைத்தது.

நாயோடு நடக்கிற எல்லாரும் ஒரு கல்லைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். நம்ம மாவட்டத்துக்கு அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே கிடைத்த நடுகல் மகேந்திரவர்ம பல்லவனுடைய முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்கிற வீரன் தன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்திருக்கிறான். கல்லில் அவன் உருவம் இருக்கிறது, பக்கத்தில் ஒரு நாயும் இருக்கிறது. நாய்க்குத் தனியாக ஒரு வாசகமும் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாய், அதன் பெயரோடு. கர்நாடகத்தில் ஆதகூர்க் கல் என்று இன்னொன்று, பத்தாம் நூற்றாண்டு, காளி என்ற வேட்டைநாய் பன்றியோடு போராடிச் செத்ததற்காக நட்டது. இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்குச் சாயங்காலம் செவலையைக் கூட்டிக்கொண்டு நடந்தபோது அதை வேறு மாதிரிப் பார்த்தேன். ஒவ்வொரு நடுகல்லிலும் இப்போது வீரனின் காலடியை முதலில் பார்க்கிறேன், வால் ஏதாவது தெரிகிறதா என்று.

அதியமானுக்கும் நடுகல் எடுத்தார்கள். அவன் செத்தபின் கல் நட்டு, மயில்பீலி சூட்டி, சின்னக் கிண்ணத்தில் நாரால் வடித்த கள்ளை வைக்கிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று ஔவையார் புறநானூற்றில் கேட்கிறார். அந்தப் பாட்டைப் பள்ளியில் படித்திருப்போம், நெல்லிக்கனி கதையும் தெரியும், ஆனால் நட்ட கல்லுக்குப் பூவும் படையலும் வைக்கிற பழக்கம் இதே ஊரில் இன்னும் நடக்கிறது என்பதை வேப்பமரத்தடியில் அந்த ஆயாவைப் பார்த்த பிறகுதான் நான் சேர்த்து யோசித்தேன்.

கல் மட்டும்தான் வரலாறு என்று இல்லை. ஏரிக்கரையில் நடங்கள். ராமக்காள் ஏரிப் பக்கமோ உங்கள் வீட்டுக்கு அருகில் எந்த ஏரி மிச்சமிருக்கிறதோ அதுவோ. மதகுக் கல், தூம்புக் கல் இதிலெல்லாம் ஏரியை வெட்டியவர், மதகு கட்டியவர் பெயரைப் பொறிப்பது பழைய வழக்கம். நாய்க்கும் ஏரிக்கரை மாதிரி இடம் வேறு இல்லை. தெருப்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் காது கொடுத்துக் கேளுங்கள். பேட்டை என்றால் சந்தை கூடிய இடம், சாகரம் என்றால் பெரிய நீர்நிலை. குமாரசாமிப்பேட்டையும் அன்னசாகரமும் வாயில் வரும்போது எத்தனை பேர் அதை யோசிக்கிறோம்?

ரயிலும் உண்டு. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் குறுகிய பாதை ரயில் வந்தது, அப்புறம் ஓசூர் வரைக்கும் நீண்டது, 1941-ல் போர்க்காலத்தில் நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது சேலம்–பெங்களூரு வண்டி நிற்கிற பாதை அதற்கெல்லாம் பின்னால் வந்தது. காரணமே இல்லாமல் மெதுவாக வளைந்து போகிற மேட்டுப்பாதை, ஓடையில் தனியாக நிற்கிற கருங்கல் பாலத்தூண் எதையாவது பார்த்தால் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாம். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் இதைக் கேட்டால் முகமே மாறும், வண்டி போன சத்தத்தை அவர்களுடைய அப்பா சொல்லிக் கேட்டிருப்பார்கள்.

கேட்பது எப்படி என்பதுதான் இதில் பெரிய வேலை. நோட்டும் பேனாவுமாக நின்று "இந்தக் கல்லின் வரலாறு என்ன?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், நிலம் அளக்க வந்தவர் என்று நினைப்பார்கள். நாய் இங்கேயும் உதவும். முதலில் அவர்கள் நாயைப் பற்றித்தான் கேட்பார்கள், கடிக்குமா, என்ன வயசு, சோறு போடறியா. பதில் சொல்லிவிட்டு, "ஆயா, இங்க பொங்கல் வைக்கிறீங்களா?" என்று கேளுங்கள். எந்த மாதம் பூசை, யார் வீட்டு முறை, கிடா வெட்டுவார்களா, யார் குலதெய்வம், கல் முதலில் எங்கே இருந்தது, யார் இங்கே கொண்டு வந்து நட்டது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசிக் கேள்விதான் முக்கியம், ரோடு போடும்போது நகர்த்திய கற்கள் நிறைய. ஒரே ஆளிடம் கேட்டதோடு நிறுத்தாமல் இன்னொரு வீட்டிலும் கேளுங்கள். இரண்டு கதையும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதி வையுங்கள், எது சரி என்று அங்கேயே முடிவு செய்ய வேண்டாம்.

குறிப்பு எடுக்கிறதற்கு: முதலில் தூரத்திலிருந்து ஒரு படம், பின்னால் இருக்கிற வீடோ மரமோ தெரிகிற மாதிரி. அப்புறம் முழுக் கல், அப்புறம் எழுத்து மட்டும் நான்கைந்து கோணத்தில். போனில் இருப்பிடத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு நான் செய்கிறது, செவலையின் பழைய வார் ஒன்றில் ஒரு அடிக்கு ஒரு கோடு மார்க்கரில் போட்டு வைத்திருக்கிறேன், கல் பக்கத்தில் நீட்டிப் பிடித்துப் படம் எடுத்தால் உயரம் தெரிந்துவிடும். அன்றைக்கு ராத்திரியே நோட்டில் எழுதிவிடுங்கள், தேதி, சொன்னவர் எந்தத் தெரு, அவருடைய சொல்லிலேயே. ஒரு வாரம் விட்டால் மறந்துபோகும். செய்யக்கூடாதது: சுண்ணாம்பையும் எண்ணெயையும் சுரண்டாதீர்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள், எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸோ மாவோ தேய்க்காதீர்கள். கல்வெட்டு படிக்கிறவர்கள் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றிப் படி எடுப்பார்கள், அது பழகியவர் கையால் செய்ய வேண்டிய வேலை.

வீட்டுக்கு வந்து சரிபார்க்கும்போது நிறையப் பேர் 'தர்மபுரி' என்று மட்டும் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். தர்மபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டம்தான், அதனால் பழைய ஆவணம் எல்லாம் சேலம் என்ற பேரில்தான் இருக்கும். ரிச்சர்ட்ஸ் தொகுத்து 1918-ல் வந்த சேலம் மாவட்டக் கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு) இணையத்திலேயே கிடைக்கிறது. அதற்கும் முன்னால் போனால் பாரமகால் என்று தேட வேண்டும். 1792-ல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன பகுதி அது, கம்பெனி அதிகாரி ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிலத்தை வயல் வயலாக அளந்து விவசாயியிடமே நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறையை முதலில் நடத்திப் பார்த்தது இங்கேதான். அந்த அளவையின் வழித்தோன்றல்தான் இன்றைக்கு நம் கையில் இருக்கிற சர்வே எண்கள். கல் நிற்கிற இடத்தின் சர்வே எண் கிடைத்தால் அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் அ-பதிவேட்டைப் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு) பாருங்கள், ஏரி, கோயில், பாதை என்று அங்கே பதிந்திருப்பது இன்றைக்குக் கட்டடமாக நிற்கிற இடத்துக்கு வேறு கதை சொல்லும். கல்வெட்டுக்கு, தொல்லியல் துறை 1975-ல் வெளியிட்ட 'தருமபுரி கல்வெட்டுகள்' தொகுப்பில் முதலில் தேடுங்கள், அப்போது கிருஷ்ணகிரியும் சேர்ந்த மாவட்டம் என்பதால் அந்தப் பக்கத்து ஊர்களும் அதில் இருக்கும்.

எதிலும் இல்லாத கல் என்று தோன்றினால் அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் படத்தோடு போய்ச் சொல்லுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒரு வார்த்தை. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரவே கூடாது. மண்ணுக்குள்ளிருந்து காசோ சிலையோ கிடைத்தால் 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் தெருக்காரர்களிடம் சொல்லுங்கள், அதுதான் உடனே வேலை செய்யும். ஒருமுறை சாக்கடை வேலை நடந்த தெருவில் நான் ஏற்கெனவே படம் எடுத்திருந்த கல்லைக் காணவில்லை. இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் பார்த்தால் குப்புறப் போட்டு மூடியாக்கியிருந்தார்கள், வேலை செய்தவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. என் போனில் இருந்த படத்தை அந்தத் தெருவிலிருந்த நான்கு வீட்டில் காட்டினேன். அன்றைக்குச் சாயங்காலமே இளைஞர்கள் ஆறு பேர் சேர்ந்து கடப்பாரை போட்டுப் புரட்டி, கழுவி, மரத்தடியில் நிமிர்த்தி வைத்தார்கள். ஒரு அம்மா கற்பூரம் ஏற்றினார். படம் இல்லாமல் போயிருந்தால் நான் சொன்னதை யார் நம்பியிருப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வண்டி இருந்தால் கொஞ்சம் தூரமும் போகலாம். அதியமான்கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில் பாறை மேல் பலகைக் கல்லை நிறுத்திக் கட்டிய கல்திட்டைகள் கூட்டமாக இருக்கின்றன, நம்ம பக்கத்தில் பாண்டவர் வீடு என்பார்கள். பாறை சீக்கிரம் சுடும், எட்டரைக்குள் நாயோடு இறங்கிவிடுங்கள்.

செவலை இந்த வாரம் இன்னொரு இடத்தில் நிற்க ஆரம்பித்திருக்கிறது. பழைய வீடு ஒன்றை இடித்த மனை, மூலையில் பாதி புதைந்த பலகைக் கல், மேல் விளிம்பில் வளைவாக ஏதோ செதுக்கல். நிலத்துக்காரர் வெளியூராம், வெள்ளிக்கிழமை வருவார் என்று எதிர்ப் பெட்டிக்கடை அண்ணன் சொன்னார். காலை ஆறரைக்கே போய் நிற்கப் போகிறேன்.